மின்சாரம் போய் வந்தபின் இரண்டாவது வன்தட்டு தன் இடத்தில் இல்லை: பார்ட்டிஷன், மவுண்ட் பற்றிய கேள்வி

தென்றல்_உப்புவெளி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மேசைக் கணினியில் 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும் 2 டிபி வன்தட்டு ஒன்றும் உள்ளன. எஸ்எஸ்டியில் விண்டோஸ், உபுண்டு ஆகிய இரண்டும் நிறுவப்பட்டிருக்கின்றன. 2 டிபி வன்தட்டு முழுவதும் ஒரே பார்ட்டிஷனாக (பகுதியாக), விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸில் இருக்கிறது. அதில் ஏறத்தாழ 600 ஜிபி நிரம்பியுள்ளது. உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கும் தம்பி தன் பாடக் காணொளிகளை விண்டோஸிலிருந்து அதில் சேமிக்கிறான். நான் உபுண்டுவில் இருந்துகொண்டு அப்பாவிடமுள்ள காணி உறுதிகள், பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், அப்பப்பாவின் கடிதங்கள் ஆகியவற்றை ஸ்கான் செய்து அதே வன்தட்டில் வைக்கிறேன். காப்புப் பிரதிக்கு 1 டிபி யூஎஸ்பி வன்தட்டு ஒன்று எப்போதும் கணினியின் முன்பக்கத் துளையில் இணைந்திருக்கிறது. ஒவ்வோர் இரவும் கோப்புகளைப் பிரதியெடுக்கும் ஆர்சிங்க் கட்டளை டிலீட் தெரிவுடன் தானாக ஓடி, 2 டிபி வன்தட்டில் உள்ளதை யூஎஸ்பி வன்தட்டுக்கு எடுத்துச் செல்கிறது. இந்த ஏற்பாடு முழுவதையும் கணினியை நிறுவித் தந்தவரே செய்து தந்தார்.

மாரி தொடங்கியதிலிருந்து மின்சாரம் அடிக்கடி போய் வருகிறது. அதன்பின் கணினியை இயக்கினால் மூன்று விதமான நிலைகளைப் பார்க்கிறேன். சில வேளைகளில் எல்லாம் சரியாக இருக்கும். சில வேளைகளில் உபுண்டு 1 நிமிடம் 30 விநாடி எதற்கோ காத்திருந்துவிட்டு, அவசர நிலை என்று சொல்லும் கறுப்புத் திரையில் நின்றுவிடும். வேறு சில வேளைகளில் உபுண்டு வழக்கம்போல் திறக்கும். ஆனால் ஸ்கான் கோப்புறைக்குள் போனால் பழைய கோப்புகள் எவையும் இல்லாமல், அண்மையில் ஸ்கான் செய்த சில மட்டும் இருக்கும். மறுமுறை இயக்கும்போது பழையவை திரும்பி வந்துவிடும், ஆனால் அந்தச் சில புதிய கோப்புகள் காணாமற்போய்விடும். எஸ்எஸ்டியில் இடமும் காரணம் தெரியாமல் குறைந்துகொண்டே வருகிறது. இரவுப் பிரதி வேலையும் ஒரே சீராக இல்லை: பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும், சில இரவுகளில் விடியும்வரை ஓடிக்கொண்டிருக்கும்.

எந்தத் தட்டு எந்தக் கோப்புறையில் மவுண்ட் ஆக வேண்டும், அதாவது எந்தக் கோப்புறை வழியே திறக்க வேண்டும் என்று எழுதியிருக்கும் எஃப்எஸ்டாப் கோப்பைத் திறந்து பார்த்தேன். அதில் 2 டிபி வன்தட்டு எஸ்டிபி1 என்ற பெயரில் எழுதப்பட்டு, டேட்டா என்ற கோப்புறையில் மவுண்ட் ஆகும்படி இருக்கிறது. தெரிவுகளின் இடத்தில் டிஃபால்ட்ஸ் என்ற ஒரு சொல் மட்டுமே உள்ளது. உறுதிகளின் மூலப்பத்திரங்கள் சில பூச்சி அரித்த நிலையில் இருப்பதால், இந்த ஸ்கான்களை இழக்க முடியாது. வன்தட்டைத் தவறாமல் ஒரே இடத்தில் மவுண்ட் செய்யும் வழி எது? 2 டிபி வன்தட்டைத் தம்பிக்கு ஒரு பகுதி, எனக்கு ஒரு பகுதி என்று பிரிப்பது நல்லதா? அப்படியானால் உள்ளிருக்கும் தரவுக்கு ஆபத்தில்லாமல் எப்படிப் பிரிப்பது? விளக்கினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.


கொட்டியாரம் எழுதியது:

வணக்கம் சகோதரி. மற்ற எதையும் தொடுவதற்கு முன்னால் அந்த இரவு வேலையை நிறுத்திவிடுங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன். யூஎஸ்பி வன்தட்டையும் முறைப்படி அன்மவுண்ட் செய்து, கழற்றி, அலுமாரிக்குள் வையுங்கள்.

நீங்கள் சொன்ன மூன்று நிலைகளும் ஒரே மூலத்திலிருந்து வருபவை. எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்ற பெயர்கள் வன்தட்டுகளுக்கு நிரந்தரமாகச் சொந்தமானவை அல்ல. கணினி இயங்கத் தொடங்கும்போது உபுண்டுவின் மையமான லினக்ஸ் கருவகம் எந்தத் தட்டை முதலில் கண்டறிகிறதோ அதற்கு முதற்பெயரைக் கொடுக்கிறது. வன்தட்டு சுழன்று வேகம் பிடிக்கச் சற்றுத் தாமதித்தாலோ, யூஎஸ்பி தட்டு முந்திக்கொண்டாலோ நேற்று எஸ்டிபியாக இருந்தது இன்று எஸ்டிசியாகிவிடும். எஸ்டிபி1 என்ற பெயரில் எதுவுமே இல்லாவிட்டால், கணினியின் தொடக்கத்தை நிர்வகிக்கும் சிஸ்டம்டி 90 விநாடி காத்திருந்து, பிறகு அவசர நிலைக்குப் போகிறது. நீங்கள் கண்ட 1 நிமிடம் 30 விநாடி அதுதான். அந்தப் பெயரில் வேறொரு தட்டு வந்து நின்றாலோ, தட்டு மவுண்ட் ஆகாத நிலையில் அவசரத் திரையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாலோ, மூன்றாவது நிலை உண்டாகும்.

அந்த மூன்றாவது நிலையே எனக்கு மிகுந்த கவலை தருகிறது. மவுண்ட் புள்ளி என்பது எஸ்எஸ்டியில் உள்ள ஒரு சாதாரணக் கோப்புறை. வன்தட்டு மவுண்ட் ஆகும்போது அதன் உள்ளடக்கம் அந்தக் கோப்புறையின் மேல் விரிப்புப்போல் விழுந்து, அடியில் இருப்பதை மறைத்துவிடுகிறது. மவுண்ட் ஆகாதபோது கோப்புறை அப்படியே திறந்து கிடக்கும்; உங்கள் ஸ்கானர் மென்பொருள் எந்த முறைப்பாடும் இன்றி அதற்குள், அதாவது எஸ்எஸ்டிக்குள், எழுதிக்கொண்டே போகும். ஆகவே உங்கள் புதிய ஸ்கான்கள் அழியவில்லை. அவை விரிப்பின் அடியில் இருக்கின்றன. எஸ்எஸ்டியில் இடம் குறைவதற்கும் அவையே காரணம்.

இப்போது இரவு வேலைக்கு வருவோம். டிலீட் தெரிவுடன் ஓடும் ஆர்சிங்க், மூலத்தில் இல்லாத ஒவ்வொன்றையும் பிரதியிலிருந்து அழித்துவிடும். வாசிப்புப் பிழை ஏற்பட்டால் அழிப்பதை நிறுத்திக்கொள்ளும் அளவுக்கு ஆர்சிங்க் எச்சரிக்கையுடையது. ஆனால் மவுண்ட் ஆகாத கோப்புறை அதன் பார்வையில் பிழையன்று, பெரும்பாலான கோப்புகளை உரிமையாளர் அழித்துவிட்ட ஒரு கோப்புறை மட்டுமே. எனவே வன்தட்டு மவுண்ட் ஆகாத ஓர் இரவில் உங்கள் காப்புப் பிரதி ஏறக்குறைய முழுமையாக அழிக்கப்படுகிறது. வன்தட்டு திரும்பி வந்த அடுத்த இரவில் 600 ஜிபியும் மறுபடி முதலிலிருந்து எழுதப்படுகிறது. யூஎஸ்பி 2.0 துளையில் நடைமுறையில் விநாடிக்கு 30 முதல் 40 எம்பி வரையே கிடைக்கும் என்பதால், அதற்கு நான்கு முதல் ஐந்தரை மணித்தியாலம்வரை செல்லும். சிறிய கோப்புகள் பலவாக இருந்தால் இன்னும் கூடும். விடியும்வரை ஓடிய இரவுகளின் காரணம் இதுவென்றே நம்புகிறேன். அந்த இரண்டு இரவுகளுக்கும் இடையில் 2 டிபி வன்தட்டு பழுதாகியிருந்தால் உங்களிடம் எந்தப் பிரதியும் மிஞ்சியிருக்காது.

திருத்தும் முறையைச் சொல்கிறேன். கட்டளைகளின் பெயர்களை ஒலிப்பின்படி எழுதுகிறேன். முனையத்தில் அவற்றைச் சிறிய ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள். எல்எஸ்பிஎல்கே கட்டளையை எஃப் தெரிவுடன் ஓட்டினால் ஒவ்வொரு பார்ட்டிஷனின் கோப்பு முறைமை, லேபல், யூயூஐடி ஆகியவை தெரியும். யூயூஐடி என்பது வடிவமைக்கும்போது பார்ட்டிஷனுக்குள்ளேயே எழுதப்படும் அடையாள எண். வன்தட்டை எந்தத் துளையில் செருகினாலும் அது மாறாது. லினக்ஸின் கோப்பு முறைமையான எக்ஸ்ட்4 உள்ள பார்ட்டிஷனுக்கு இடைக்கோடுகளுடன் சேர்த்து 36 குறிகள் இருக்கும், என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனுக்கு 16 மட்டுமே இருக்கும். குறுகியதாக இருக்கிறதே என்று ஐயப்பட வேண்டாம். எஃப்எஸ்டாப் கோப்பின் பிரதி ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, எஸ்டிபி1 என்று உள்ள இடத்தில் யூயூஐடி, சமன் குறி, அந்த எண் ஆகியவற்றை இடைவெளியின்றி எழுதுங்கள்.

அடுத்து, டிஃபால்ட்ஸ் என்ற சொல்லுக்குப் பின் காற்புள்ளியிட்டு நோஃபெயில் என்பதைச் சேர்க்க வேண்டும். அப்போது அந்தத் தட்டு இல்லாவிட்டாலும் கணினி அவசர நிலைக்குப் போகாது. ஆனால் நோஃபெயில் மட்டும் போட்டு விட்டுவிடுவது உங்கள் வீட்டுக்கு முன்னைவிட ஆபத்தானது என்பது என் உறுதியான கருத்து. பல கையேடுகள் அந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. நோஃபெயில் உள்ள தட்டுக்காகச் சிஸ்டம்டி காத்திருப்பதில்லை. கணினி அமைதியாகத் திறக்கும். தட்டு வரவில்லை என்பது எவருக்கும் தெரியாது. ஸ்கான்கள் மறுபடி எஸ்எஸ்டிக்குள் போகும். ஆகவே கோப்புறையையே பூட்ட வேண்டும். வன்தட்டை அன்மவுண்ட் செய்து, கோப்புறைக்குள் எதுவும் இல்லை என்று உறுதிப்படுத்திய பின், சிஎச்அட்டர் கட்டளையைக் கூட்டல் குறியும் ஐ எழுத்தும் சேர்ந்த தெரிவுடன் அந்தக் கோப்புறையின்மேல் ஓட்டுங்கள். அதன்பின் நிர்வாகிகூட அந்த வெற்றுக் கோப்புறைக்குள் ஒரு கோப்பையும் உருவாக்க முடியாது, ஆனால் அதன்மேல் வன்தட்டை மவுண்ட் செய்வதற்கு எந்தத் தடையும் இராது. தட்டு இல்லாத நாளில் ஸ்கானர் மென்பொருள் சேமிக்க முடியவில்லை என்று உடனே சொல்லும். அப்படி வெளிப்படையாகச் சொல்வதுதான் நமக்கு வேண்டியது.

அந்தப் பூட்டைப் போடுமுன் விரிப்பின் அடியில் உள்ளவற்றை மீட்க வேண்டும். வன்தட்டை அன்மவுண்ட் செய்தாலே அவை கண்ணுக்குத் தெரியும். அவற்றை வேறொரு கோப்புறைக்கு, மீட்டவை என்று பெயரிட்டு நகர்த்துங்கள். இப்போதைக்கு வன்தட்டில் உள்ளவற்றோடு கலக்க வேண்டாம். ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருந்தால் ஒன்று மற்றதை மேலெழுதிவிடும்.

திருத்திய பின் கணினியை மீள இயக்கிப் பார்ப்பதற்கு முன்னால், ஃபைன்ட்எம்என்டி கட்டளையை வெரிஃபை தெரிவுடன் ஓட்டினால் எஃப்எஸ்டாபில் உள்ள எழுத்துப் பிழைகளைக் காட்டும். பிறகு சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட், அதன்பின் மவுண்ட் கட்டளை ஏ தெரிவுடன். இரண்டும் முறைப்பாடு இல்லாமல் முடிந்தால் மட்டும் மீள இயக்குங்கள்.


உட்துறைமுகம் எழுதியது:

கொட்டியாரம் சொன்னவை சரியானவை. நான் திருமலை (திருகோணமலை) நகரில் கணினி பழுதுபார்ப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பெயர் மாறுவது மென்பொருளின் இயல்பு. ஆனால் வன்தட்டு உண்மையிலேயே காணாமற்போய்த் திரும்பி வருகிறதா என்பதையும் தங்கச்சி பார்க்க வேண்டும். உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளிப் பக்கங்களிலிருந்து வரும் கணினிகளைத் திறந்தால், கடற்காற்றின் உப்பும் ஈரமும் வன்தட்டை இணைக்கும் சாட்டா இணைப்பிகளின் தொடுபரப்பில் படிந்திருப்பதைப் பெரும்பாலும் காண்கிறேன். யூயூஐடி எழுதினாலும், கம்பி விட்டு விட்டுத் தொடும் வன்தட்டை எவராலும் நிலையாக மவுண்ட் செய்ய முடியாது.

வன்தட்டின் நலத்தைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையை ஏ தெரிவுடன் அந்த வன்தட்டின்மேல் ஓட்டினால் நீண்ட அட்டவணை ஒன்று வரும். அதில் நான்கு வரிகளை மட்டும் பாருங்கள். 5ஆம் இலக்க வரி பழுதுபட்டு மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்களின் (தட்டின் சிறு துண்டுகளின்) எண்ணிக்கை. 197 வாசிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள். 198 சரிசெய்ய முடியாதவை. இவற்றின் கடைசி நிரல் பூச்சியமாக இருக்க வேண்டும். 197இல் எண் ஏறிக்கொண்டே போனால் பார்ட்டிஷன் பிரிக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டு, தரவை வேறு தட்டுக்கு எடுப்பதுதான் முதல் வேலை. 199ஆம் இலக்க வரி வேறு வகையானது. அது கம்பி வழியே தரவு போகும்போது உண்டான பிழைகளின் எண்ணிக்கை. மற்ற மூன்றும் பூச்சியமாக இருக்க இது மட்டும் கூடிக்கொண்டிருந்தால் வன்தட்டு நல்லது, கம்பியோ இணைப்பியோதான் பழுது. 199இல் உள்ள எண் ஒருபோதும் குறையாது என்பதையும் நினைவில் வையுங்கள். கம்பியை மாற்றிய பின் அது அதே எண்ணில் நின்றுவிட்டால் போதும்.

சாட்டா கம்பியை மாற்றுவது விலை குறைந்த வேலை. மின்கம்பியையும் கவனியுங்கள், ஒரே முனையிலிருந்து பிரித்து இரண்டு மூன்று சாதனங்களுக்குக் கொடுக்கும் பிரிப்பான்கள் தளர்ந்துவிடும். வன்தட்டுக்கு மின்வழங்கியிலிருந்து நேரே ஒரு முனையைக் கொடுங்கள்.

யூபிஎஸ் இல்லாவிட்டால் ஒன்று வாங்குவது பற்றி வீட்டில் கதையுங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்களில் பழுதுபார்க்க வந்த கணினிகளில் வன்தட்டுக் கோளாறுகள் அதிகமாக இருந்தன. முன்னறிவிப்போடு வரும் மின்வெட்டுக்குக் கணினியை நிறுத்தி வைக்கலாம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் போனதுபோல் திடீரென வருவதற்கு யூபிஎஸ் ஒன்றே துணை. 650 விஏ அளவுள்ள சிறிய யூபிஎஸ் ஒரு மேசைக் கணினியைச் சில நிமிடங்கள் தாங்கும். கோப்புகளைச் சேமித்து ஒழுங்காக நிறுத்துவதற்கு அந்த நேரம் போதுமானது.


தென்றல்_உப்புவெளி எழுதியது:

கொட்டியாரம் ஐயாவுக்கும் உட்துறைமுகம் அண்ணாவுக்கும் மிக்க நன்றி. இரவு வேலையை நிறுத்தினேன். வன்தட்டை அன்மவுண்ட் செய்தபோது காணாமற்போன ஸ்கான்கள் எல்லாம் டேட்டா கோப்புறைக்குள் இருந்தன. அப்பப்பாவின் கடிதங்கள் அனைத்தும் கிடைத்ததில் அப்பாவுக்குப் பெரிய நிம்மதி. அவற்றை மீட்டவை என்ற கோப்புறைக்கு நகர்த்தியிருக்கிறேன்.

ஸ்மார்ட்சிடிஎல் அட்டவணையில் 5, 197, 198 மூன்றும் பூச்சியம். 199 மட்டும் பூச்சியத்தைவிட அதிகமாக இருந்தது. புதிய கம்பி போட்ட பின் அந்த எண் ஏறவில்லை.

ஆனால் யூயூஐடியை எழுதி மவுண்ட் செய்தபோது புதிய சிக்கல் ஒன்று எழுந்தது. தம்பி விண்டோஸைப் பயன்படுத்தி நிறுத்திய பின் நான் உபுண்டுவைத் திறந்தால், வன்தட்டு சரியான இடத்தில் மவுண்ட் ஆகிறது, ஆனால் வாசிக்க மட்டுமே முடிகிறது. விண்டோஸ் உறக்க நிலையில் இருக்கிறது என்ற பொருளில் ஓர் எச்சரிக்கையும் வருகிறது. கணினியை முழுமையாக நிறுத்தியதாகத் தம்பி சொல்கிறான். பார்ட்டிஷன் பிரிப்பது பற்றியும் உங்கள் கருத்தை அறிய ஆவலாக இருக்கிறேன்.


தம்பலகாமத்தான் எழுதியது:

உங்கள் தம்பி சொல்வது உண்மைதான், அவர் நிறுத்தித்தான் இருக்கிறார். விண்டோஸ் 8 முதல் விரைவுத் தொடக்கம் என்ற வசதி இயல்பாகவே இயக்கப்பட்டிருக்கிறது. நிறுத்தும் பொத்தானை அழுத்தினால் பயனரின் அமர்வு மட்டும் மூடப்பட்டு, முறைமையின் உட்பகுதி உறக்க நிலையில் தட்டில் எழுதி வைக்கப்படும். உள்ளே பொருத்தப்பட்ட என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன்களைத் தான் இன்னும் திறந்து வைத்திருப்பதாகவே விண்டோஸ் கருதும். அந்த நிலையில் லினக்ஸ் அதில் எழுதினால், விண்டோஸ் விழித்தெழுந்து தன் நினைவில் உள்ள பழைய அட்டவணையை மேலே எழுதிவிடக்கூடும். கோப்பு முறைமை குழம்பிப்போவதற்கு அது போதும். ஆகவே வாசிக்க மட்டும் அனுமதிக்கும் லினக்ஸ் உங்களைக் காப்பாற்றுகிறது. கட்டாயமாக எழுத வைக்கும் தெரிவுகள் சில இணையத்தில் கிடைக்கும். அவற்றை எஃப்எஸ்டாபில் ஒருபோதும் எழுத வேண்டாம் என்று மிக வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

விண்டோஸில் கட்டளைச் சாளரத்தை நிர்வாகியாகத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளையை எச், ஆஃப் என்ற தெரிவுகளுடன் ஓட்டினால் உறக்க நிலையும் விரைவுத் தொடக்கமும் சேர்ந்தே நின்றுவிடும். விண்டோஸ் பெரிய புதுப்பித்தல் ஒன்றைப் பெற்ற பின் இந்த அமைப்பு மாறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில் லினக்ஸ் வழக்கமான உரிமை, அனுமதிகள் இல்லை என்பதால், பயனர் எண்ணான யூஐடி 1000, குழு எண்ணான ஜிஐடி 1000 ஆகியவற்றை அதன் தெரிவுகளில் சேர்த்துவிடுங்கள். உபுண்டுவில் முதலில் உருவாக்கிய பயனரின் எண் 1000 ஆகவே இருக்கும். ஆனால் அதே யூஐடி தெரிவை எக்ஸ்ட்4 பார்ட்டிஷனுக்கு எழுதினால் மவுண்ட் ஆகவே ஆகாது. எக்ஸ்ட்4இல் மவுண்ட் செய்த பின் உரிமையாளரை ஒருமுறை மாற்றினால் போதும், அது தட்டிலேயே பதிந்துவிடும்.


கொட்டியாரம் எழுதியது:

மீட்டவை கிடைத்தது மிகுந்த மகிழ்ச்சி, சகோதரி. பிரிப்பது நல்லது என்பதே என் கருத்து. பெரும்பாலான வீடுகளுக்கு ஒரே பார்ட்டிஷன் போதும் என்பேன். ஆனால் உங்கள் வீட்டில் ஒரே என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில் இரண்டு பணிசெயல் முறைமைகள் எழுதுகின்றன. திருப்பிப் பெற முடியாத ஆவணங்கள் விண்டோஸின் நிலையைச் சார்ந்திருக்கக் கூடாது. ஸ்கான்கள் எக்ஸ்ட்4இல் இருந்தால் தம்பி எப்படி நிறுத்தினாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. எக்ஸ்ட்4இன் ஜேர்னல் (மாற்றங்களைக் குறித்து வைக்கும் பதிவேடு) மின்சாரம் போன பிறகு கோப்பு முறைமையின் அமைப்பை ஒழுங்குக்குக் கொண்டுவரும். அந்தக் கணத்தில் எழுதிக்கொண்டிருந்த கோப்பின் உள்ளடக்கத்துக்கு மட்டும் அது உறுதி தராது.

எப்படிப் பிரிக்கிறோம் என்பதில்தான் ஆபத்து வேறுபடுகிறது. பார்ட்டிஷனின் வலது முனையைச் சுருக்குவது ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது, ஏனெனில் அந்தப் பகுதியில் இருக்கும் தரவை மட்டும் இடம் மாற்றினால் போதும். இடது முனையை, அதாவது தொடக்கத்தை நகர்த்துவது அப்படியன்று. உள்ளிருக்கும் 600 ஜிபியும் தட்டின் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் துண்டு துண்டாக எழுதப்பட வேண்டும். அது பல மணித்தியாலம் ஓடும், நடுவில் மின்சாரம் போனால் பார்ட்டிஷன் பழைய இடத்திலும் இல்லாமல் புதிய இடத்திலும் இல்லாமல் நின்றுவிடும். சிறிய யூபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்காது. வடகீழ்ப் பருவ மழை முடியும்வரை எவரும் திருமலையில் அந்த வேலையைத் தொடங்கக் கூடாது. நல்ல வேளையாக உங்களுக்கு அது தேவையுமில்லை.

முதலில் யூஎஸ்பி வன்தட்டில் முழுப் பிரதி ஒன்றை, இம்முறை டிலீட் தெரிவு இல்லாமல், எடுங்கள். எடுத்ததோடு விடாமல், சில உறுதிகளை அந்தப் பிரதியிலிருந்தே திறந்து பாருங்கள். விண்டோஸில் சிஎச்கேடிஎஸ்கே ஓட்டி என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில் பிழையில்லை என்று உறுதிப்படுத்துங்கள். பிறகு விண்டோஸின் தட்டு மேலாண்மைக் கருவியிலேயே அதைச் சுருக்குங்கள். என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனைச் சுருக்க விண்டோஸின் கருவியையே நான் நம்புவேன். 2 டிபி தட்டை விண்டோஸ் 1.81 டிபி என்று காட்டினால் எதுவும் தொலைந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். தயாரிப்பாளர்கள் ஆயிரத்தின் பெருக்கங்களில் கணக்கிடுகிறார்கள், விண்டோஸ் 1024இன் பெருக்கங்களில் கணக்கிடுகிறது. நகர்த்த முடியாத கோப்பு ஒன்று நடுவில் இருந்தால் நீங்கள் கேட்ட அளவுக்குச் சுருங்காமல் நிற்கும். கிடைக்கும் அளவோடு திருப்திப்படுங்கள். ஸ்கான்களுக்கு 500 ஜிபி கிடைத்தாலே பல்லாண்டு போதும்.

வலது பக்கத்தில் விடுபட்ட வெற்றிடத்தில், உபுண்டுவின் ஜிபார்ட்டட் கருவியைக் கொண்டு எக்ஸ்ட்4 பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்குங்கள். என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனின் யூயூஐடி சுருக்குவதால் மாறாது. புதிய பார்ட்டிஷனுக்குப் புதிய யூயூஐடி வரும். பின்னாளில் அதை மறுபடி வடிவமைத்தால் அப்போதும் மாறும், எஃப்எஸ்டாபையும் மாற்ற வேண்டும். லேபல் கொடுக்க விரும்பினால் ஆங்கில எழுத்துகளில் குறுகியதாகக் கொடுங்கள். எக்ஸ்ட்4 லேபலுக்கு 16 பைட் மட்டுமே இடம் உண்டு; தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் செல்வதால் ஐந்துக்கு மேல் கொள்ளாது. எக்ஸ்ட்4 தன் கொள்ளளவில் 5 சதவீதத்தை நிர்வாகிக்கென ஒதுக்கி வைக்கும். 500 ஜிபியில் அது 25 ஜிபி. தரவு மட்டும் உள்ள பார்ட்டிஷனுக்கு அவ்வளவு தேவையில்லை என்பதால், டியூன்2எஃப்எஸ் கட்டளையின் எம் தெரிவால் அதை 1 சதவீதமாகக் குறைக்கலாம்.

எஃப்எஸ்டாபில் ஸ்கான்களுக்கான புதிய வரியில் யூயூஐடி, ஸ்கான் என்ற புதிய கோப்புறை, எக்ஸ்ட்4, டிஃபால்ட்ஸ் காற்புள்ளி நோஃபெயில், 0, 2 என்ற ஆறு பகுதிகளும் இடைவெளி விட்டு இருக்க வேண்டும். கடைசி 2 என்பது தொடக்கத்தில் பிழை சோதிக்கும் வரிசை. என்டிஎஃப்எஸ் வரியில் அது 0 ஆக இருக்கட்டும். கோப்புறையின் பெயரில் இடைவெளி வேண்டாம். இந்தப் புதிய கோப்புறையையும் மவுண்ட் செய்வதற்கு முன்னரே சிஎச்அட்டர் கொண்டு பூட்டிவிடுங்கள். மறக்காமல் தம்பியிடமும் சொல்லி வையுங்கள்: விண்டோஸ் எப்போதாவது அறியாத தட்டு ஒன்றைக் கண்டு, வடிவமைக்கட்டுமா என்று கேட்டால், ஆம் என்று அழுத்தக் கூடாது.


தென்றல்_உப்புவெளி எழுதியது:

மிகவும் தெளிவாக விளங்கியது ஐயா. நீங்கள் சொன்ன ஒழுங்கிலேயே செய்து முடித்தேன். இப்போது இரண்டு பார்ட்டிஷன்களும் ஒவ்வொரு முறையும் தத்தம் இடத்தில் மவுண்ட் ஆகின்றன. பரிசோதனைக்காக வன்தட்டின் கம்பியைக் கழற்றிவிட்டு இயக்கியபோது, உபுண்டு காத்திருக்காமல் திறந்தது, ஸ்கானர் மென்பொருள் சேமிக்க முடியவில்லை என்று சொன்னது.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. இரவுப் பிரதியை மறுபடி தொடங்கலாமா? மீட்டவை கோப்புறையில் உள்ளவற்றை எப்படி ஒன்றுசேர்ப்பது? சில கோப்புகளின் பெயர்கள் வன்தட்டில் உள்ளவற்றோடு ஒத்திருக்கின்றன.


தம்பலகாமத்தான் எழுதியது:

பிரதி பற்றி நான் சொல்கிறேன். யூஎஸ்பி வன்தட்டை இதுவரை உபுண்டு தானாகவே மீடியா கோப்புறைக்குள் அதன் லேபல் பெயரில் மவுண்ட் செய்து வந்திருக்கும். அதே பெயரில் பழைய வெற்றுக் கோப்புறை ஒன்று அங்கு மிஞ்சியிருந்தால், பெயருக்குப் பின் 1 என்ற இலக்கத்தைச் சேர்த்து வேறிடத்தில் மவுண்ட் செய்துவிடும்; பிரதியும் வன்தட்டுக்குப் போகாமல் எஸ்எஸ்டிக்குப் போகும். ஆகவே அதையும் யூயூஐடியுடன் எஃப்எஸ்டாபில் எழுதி, நோஃபெயிலுடன் எக்ஸ்-சிஸ்டம்டி டாட் ஆட்டோமவுண்ட் என்ற தெரிவையும் சேருங்கள். அப்போது அந்தக் கோப்புறையை எவராவது தொடும்போதுதான் தட்டு மவுண்ட் ஆகும். தட்டு இல்லாவிட்டால், சற்றுக் காத்திருந்து பிழை வரும், அடியில் உள்ள கோப்புறைக்குள் எதுவும் எழுதப்படாது.

இரவு ஓடும் கட்டளைக் கோப்பின் முதல் வரியாக மவுண்ட்பாயின்ட் கட்டளையைக் கியூ தெரிவுடன் ஸ்கான் கோப்புறைக்கும், இரண்டாவது வரியாகக் காப்புக் கோப்புறைக்கும் எழுதுங்கள். இரண்டாவதற்கு முன், கோப்புறையை ஒருமுறை எல்எஸ் கட்டளையால் தொட்டுவிட்டால் ஆட்டோமவுண்ட் தட்டை எழுப்பிவிடும். இரண்டில் எது மவுண்ட் ஆகாவிட்டாலும், அந்த எல்எஸ் பிழை தந்தாலும், கட்டளைக் கோப்பு அங்கேயே வெளியேற வேண்டும். டிலீட் தெரிவை நீக்கிவிட்டுத்தான் நான் ஓட்டுவேன். உறுதிகளின் ஸ்கான்களை எவரும் நாள்தோறும் அழிப்பதில்லை. பிரதியில் தேவையற்ற சில கோப்புகள் மிஞ்சுவதால் எந்த நட்டமும் இல்லை.

ஒரே மேசையில் இருக்கும் இரண்டு தட்டுகளும் ஒரே இடியில், ஒரே வெள்ளத்தில் போகக்கூடியவை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் காணி உறுதிகளை இழந்து, அதன்பின் பிரதிகளுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்த குடும்பங்கள் நம் மாவட்டக் கரையோரத்தில் இருக்கின்றன. ஸ்கான்கள் மட்டும் சில ஜிபியில் அடங்கும் என்று நினைக்கிறேன். அவற்றை ஒரு பென் டிரைவில் எடுத்து, கரையிலிருந்து விலகிய ஊரில் உள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். பென் டிரைவை நெடுங்காலம் நம்ப முடியாது என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக எழுதி மாற்றுங்கள்.


கொட்டியாரம் எழுதியது:

மீட்டவை பற்றிய ஐயத்துக்கு: ஆர்சிங்க்கை இக்னோர்-எக்சிஸ்டிங் தெரிவுடன் மீட்டவை கோப்புறையிலிருந்து ஸ்கான் கோப்புறைக்கு ஓட்டுங்கள். ஏற்கெனவே அதே பெயரில் இருப்பவற்றைத் தொடாமல், இல்லாதவற்றை மட்டும் சேர்க்கும். பெயர் ஒத்தவற்றை ஷா256சம் கட்டளையால் ஒப்பிடுங்கள். இரண்டின் எண்ணும் ஒன்றானால் கோப்பும் ஒன்றே, மீட்டவையில் உள்ளதை நீக்கலாம். எண் வேறானால் இரண்டும் வெவ்வேறு கோப்புகள். ஸ்கானர் மென்பொருள் கோப்புறை வெறுமையாக இருந்ததைக் கண்டு எண்ணை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கும். அப்படிப்பட்டவற்றுக்கு நீங்களே திறந்து பார்த்துப் புதிய பெயர் கொடுக்க வேண்டியதுதான். இரவுப் பிரதி ஒருமுறை முழுமையாக முடிந்து, பென் டிரைவிலும் எழுதிய பின்னரே எஸ்எஸ்டியில் உள்ள மீட்டவை கோப்புறையை அழியுங்கள்.